நானூற்றைம்பது வாட்ஸ் எங்கே போச்சு?

இந்தக் கேஸில் தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகச் சொல்லலாம்.

கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கல்யாண வீடியோ எடிட்டர். கொடிவேரிப் பாசனத்தில் கொஞ்சம் வயலும் உண்டு. வயலைத் தம்பி பார்த்துக்கொள்கிறார். இவர் மாடியறையில் உட்கார்ந்து, சத்தியமங்கலம் முதல் பெருந்துறை வரை நடக்கிற கல்யாணங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய சிஸ்டத்தை 2018இல் அசெம்பிள் செய்து கொடுத்தவன் நான். ஐ5-8400 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், இரண்டு ஹார்ட் டிஸ்க். கேபினட்டோடு சேர்ந்தே வந்த 450 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் கரண்டைச் சிஸ்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. பவர் சப்ளை என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் நம் பக்கம் கடையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. நானும் எஸ்எம்பிஎஸ் என்றே எழுதுகிறேன். சிஸ்டம் ஆறு வருஷத்துக்கு மேல் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது.

போன வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்னால் அப்கிரேடு வேண்டும் என்றார். கேமராவை 4கே-க்கு மாற்றிவிட்டார். டைம்லைனை நகர்த்தினாலே பழைய சிஸ்டம் திணறியது. ஐ7-12700 பிராசஸர், அதற்கேற்ற போர்டு, 32 ஜிபி ராம், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு என்று பேசி முடித்தோம். கேபினட்டும் ஹார்ட் டிஸ்க்கும் பழையவையே இருக்கட்டும்.

"எஸ்எம்பிஎஸ் மாத்தோணுமா தம்பி?" என்று அவரேதான் கேட்டார்.

"வேண்டாங்ணா, 450 இருக்குதுங்க, போதும்."

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். பிராசஸர் உச்சத்தில் 180 வாட்ஸ் இழுக்கும், கார்டு 170, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 50. ஆக 400. நானூற்றைம்பதுக்குள் அடங்குகிறது, மிச்சம்கூட இருக்கிறது. கூட்டலில் பிழையே இல்லை. அந்தக் கூட்டலை நம்பித்தான் நான்கு நாள் சுற்றினேன்.

புதுக் கார்டுக்கு 8 பின் பவர் கேபிள் தேவை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் அது கிடையாது. மோலெக்ஸ் என்ற பழைய வகை 4 பின் பவர் முனை இரண்டை ஒரு 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் என் டப்பாவில் கிடந்தது, அதைப் போட்டேன். போர்டில் பிராசஸருக்கான 8 பின் சாக்கெட்டில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வந்த 4 பின்னைச் செருகினேன். பாதி சாக்கெட் காலி. இந்த இரண்டும் கண்ணெதிரே நின்று "நான் இந்த வேலைக்கு ஆளில்லை" என்று எஸ்எம்பிஎஸ் சொன்ன வார்த்தைகள். முகூர்த்த அவசரத்தில் என் காதில் விழவில்லை.

அணைந்த விதம்

முதல் வாரம் எல்லாம் சுகம். வெட்டுவது, கலர் பார்ப்பது, ஆல்பம் செய்வது எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்புறம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு போன்.

"ஏந்தம்பி, கரண்டு போகலை. லைட்டு எரியுது, ஃபேன் சுத்துது. சிஸ்டம் மட்டும் டப்புனு நின்னுபோச்சு."

விடியற்காலை முகூர்த்தம் ஒன்றை ரெண்டர் போட்டிருக்கிறார், அதாவது வெட்டி ஒட்டியதை ஒரே வீடியோவாக எழுதச் சொல்லியிருக்கிறார். இணைச்சீர் என்ற கல்யாணச் சடங்கு நடக்கும் இடத்தில் மண்டபத்தில் பாதி விளக்குதான் எரிந்திருக்கிறது. படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல். அதைத் துடைக்க நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டிருக்கிறார். ரெண்டர் அந்த இடத்துக்கு வந்ததும் அணைகிறது. மறுபடி போட்டால் மறுபடி அதே இடம். அந்தக் கிளிப்பிலேயே ஏதோ கோளாறு என்று அவர் முடிவு கட்டிவிட்டார். கேமராவின் மெமரி கார்டிலிருந்து திரும்பக் காப்பி எடுத்தும் பார்த்தார். அதே இணைச்சீர், அதே இடம்.

முதல் நாள் சூடு என்று நினைத்தேன். ஹீட்சிங்கைக் கழற்றி பேஸ்ட் புதிதாகப் போட்டேன். எண்பது டிகிரியைக்கூடத் தாண்டவில்லை, ஆனாலும் அணைந்தது. இரண்டாம் நாள் ராம். ஒவ்வொரு குச்சியாக மாற்றி மாற்றிப் போட்டேன். ராம் கெட்டால் பெரும்பாலும் நீலத் திரை வரும், புரோகிராம் மூடிக்கொள்ளும், ஏதாவது ஒரு புகார் இருக்கும். இங்கே ஒரு வார்த்தை இல்லை. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் 41 என்ற வரி மட்டும் வரிசையாக நின்றது. அந்த எண்ணைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றுவிட்டது என்பதற்கு மேல் அதில் சேதி கிடையாது. ஏன் நின்றது என்று விண்டோஸுக்கே தெரியாது. ஆனால் நீலத் திரை எதுவும் இல்லாமல் வெறும் 41 மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், காலுக்கடியில் தரை போயிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நான் படவில்லை.

மூன்றாம் நாள் பழைய 1050 டிஐ கார்டை எடுத்துப் போட்டேன். அதே இணைச்சீரை மூன்று மடங்கு நேரம் எடுத்து, அணையாமல் முடித்தது. அப்பாடா, புதுக் கார்டுதான் குற்றவாளி. கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் கார்டு வாங்கிய கடைக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். அவர்கள் மேசையில் மாட்டி இரண்டு மணி நேரம் முழுப் பளுவில் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு சின்னத் தடங்கல் இல்லை. "கார்டு நல்லாத்தான் இருக்குதுங்க." பொய் சொல்லவில்லை, என் கண்முன் ஓடியது. அவர்கள் மேசையில் இருந்த எஸ்எம்பிஎஸ் எது என்று ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். திரும்பி வரும்போது போர்டின் மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே வந்தேன்.

நான்காம் நாள் காலை அவர் வீட்டில் மறுபடி ரெண்டர் போட்டோம், அணைந்தது. பவர் பட்டனை அமுக்கினேன், அசையவில்லை. அவர் பேச்சோடு பேச்சாகக் குனிந்து, சுவரிலிருந்த சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் நின்று, போட்டார். உடனே ஆன் ஆனது.

"அதெதுக்குங்ணா?"

"அப்படிச் செஞ்சாத்தான் தம்பி வருது. மொத நாள்ல இருந்தே அப்படித்தான்."

மொத நாளிலிருந்தே! நான்தான் கேட்கவே இல்லை. பளு தாங்காமல் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் எஸ்எம்பிஎஸ், சுவரிலிருந்து வரும் கரண்ட் ஒருமுறை அறுந்தால்தான் பூட்டைத் திறக்கும். ராம் கெட்டாலோ டிரைவர் கெட்டாலோ இப்படி நடக்காது. பட்டனுக்கு அசையாமல், பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் எழுந்திருக்கிறது என்றால் பேச்சு எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றித்தான்.

மஞ்சள் கம்பி

கேபினட் கதவைக் கழற்றினேன். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் கம்பிகளில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, கறுப்பு எர்த். இந்த வண்ண வழக்கம் பல வருஷமாக அப்படியே இருக்கிறது. எல்லாக் கம்பியும் கறுப்பாக வரும் புதிய மாடல்களில்தான் பின்னை எண்ணிப் பார்க்க வேண்டும். சும்மா இருந்த ஒரு மோலெக்ஸில் மல்டிமீட்டர் முனையைக் குத்திக்கொண்டு மூன்று சோதனை செய்தேன்.

சிஸ்டம் சும்மா இருக்கும்போது மஞ்சளில் 12.08, சிவப்பில் 5.05. நல்லது. கார்டுக்கு மட்டும் பளு கொடுக்கும் புரோகிராமை ஓட்டினேன். மஞ்சள் 11.7 ஆனது, சிவப்பு 5.14. பத்து நிமிஷம் ஓடியது, அணையவில்லை. அதை நிறுத்திவிட்டு பிராசஸருக்கு மட்டும் பளு. கிட்டத்தட்ட அதே எண்கள், அதுவும் ஓடியது. பிறகு இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். மஞ்சள் 11.5, 11.4, 11.3 என்று படியிறங்கியது, சிவப்பு 5.2-ஐத் தாண்டி ஏறியது. எட்டு எண்ணுவதற்குள் டப்.

ஏடிஎக்ஸ் என்ற, கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்களுக்கான பொது விதிப்படி இந்த இரண்டு கம்பிகளிலும் 5 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம். மஞ்சளில் 11.4-க்குக் கீழே போகக் கூடாது, சிவப்பில் 5.25-க்கு மேலே போகக் கூடாது. ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறியதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பழைய மாதிரி மலிவு எஸ்எம்பிஎஸ்களில் 12-ஐயும் 5-ஐயும் ஒரே கட்டுப்பாட்டில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். தராசுத் தட்டு மாதிரி, ஒரு பக்கம் அளவுக்கு மீறி இழுத்தால் அந்தப் பக்கம் தாழும், அதைத் தூக்கிவிடப் போய் மறுபக்கம் உயரும்.

நான் போட்ட கன்வெர்ட்டரைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. கழற்றினால், வெள்ளையாக இருந்த மோலெக்ஸ் முனை மஞ்சள் கம்பி நுழையும் துளையைச் சுற்றி பழுப்பேறி, வறுத்த வேர்க்கடலைத் தோல் நிறத்தில் இருந்தது. காரணமும் அங்கேயே தெரிந்தது. இரண்டு மோலெக்ஸையும் ஒரே கேபிள் தொடரில் செருகியிருக்கிறேன். 8 பின் வழியாகக் கார்டு 150 வாட்ஸ் வரை கேட்கலாம், அதாவது பன்னிரண்டரை ஆம்பியர். மூன்று கம்பியில் பிரிந்து வர வேண்டியது ஒற்றை மஞ்சள் கம்பியில் வந்துகொண்டிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் கல்யாண வீடியோவை விடப் பெரிய சேதி ஆகியிருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா முனையிலிருந்து 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் இதைவிட மோசம். ஒரு சாட்டா முனை 12 வோல்ட்டில் 54 வாட்ஸுக்குத்தான் ஆனது. கன்வெர்ட்டர் கேட்டு வருகிறவர்களை இப்போது நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

லேபிள்

நான்கு திருகாணியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்தேன். கையில் கனமே இல்லை, காலி டிபன் பாக்ஸ் மாதிரி. பின்னால் 115க்கும் 230க்கும் நகர்த்தும் சிவப்பு ஸ்விட்ச். பக்கவாட்டில் லேபிள். ஆறு வருஷமாக என் கையால் தூசி ஊதிய பெட்டி. லேபிளை முழுதாகப் படித்தது அன்றைக்குத்தான்.

450 வாட்ஸ் என்பது கட்டைவிரல் பருமனுக்கு. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு கட்டம்: 3.3 வோல்ட்டில் 18 ஆம்பியர், 5 வோல்ட்டில் 22 ஆம்பியர், 12 வோல்ட்டில் 18 ஆம்பியர், மைனஸ் 12-இல் 0.3, ஸ்டாண்ட்பை 5-இல் 2.

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்ஸ். அவர் மகளின் ரஃப் நோட்டில் போட்டோம். 59.4, 110, 216, 3.6, 10. கூட்டினால் 399. தன் கட்டத்தில் தானே எழுதிக்கொண்டதைக் கூட்டினாலே 450 வரவில்லை! அதுவாவது போகட்டும். பிராசஸரும் கார்டும் குடிப்பது 12 வோல்ட்டில் மட்டும். அந்தக் கட்டத்தில் இருப்பது வெறும் 216 வாட்ஸ்.

மீதி 180 வாட்ஸ் அங்கேதானே இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ள முடியாதா என்று அவர் கேட்டார். நான் சொல்லத் தடுமாறிக்கொண்டிருக்கும்போது அவரே சொன்னார்.

"ஓ, தடப்பள்ளித் தண்ணியும் அரக்கன்கோட்டைத் தண்ணியும் மாதிரியா?"

அதேதான். கொடிவேரி அணைக்கட்டில் ஒரே பவானி ஆறு. அங்கிருந்து பிரியும் வாய்க்கால் இரண்டு. தடப்பள்ளி வாய்க்காலில் வயல் வைத்திருப்பவன், அரக்கன்கோட்டையில் ஓடுகிற தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் போட்டு நெல் நட முடியாது. இந்த உதாரணத்தை அதற்குப் பிறகு ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்காலை வைத்தும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒரே வாய்க்கால் என்பதால் அவ்வளவு எடுபடவில்லை.

இப்படி 12-இல் மட்டும் பளு குவிவது எப்போதும் இருந்த வழக்கமில்லை. 1995இல் ஏடிஎக்ஸ் வந்தபோது கம்ப்யூட்டரின் பெரும் பசி 5 வோல்ட்டிலும் 3.3-லும் இருந்தது. 2000இல் பென்டியம் 4 வந்த சமயத்தில்தான் பிராசஸருக்கென்று தனியாக 12 வோல்ட் 4 பின் சேர்த்தார்கள். அன்றிலிருந்து பசி முழுக்க அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. இன்றைக்கு வரும் நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சுவர் கரண்டை முதலில் முழுக்க 12 வோல்ட்டாக்கி, அதிலிருந்து 5-ஐயும் 3.3-ஐயும் பிரித்துக்கொள்கின்றன. அதனால் பெட்டியில் போட்ட வாட்ஸில் கிட்டத்தட்ட முழுவதும் 12-இல் கிடைக்கும். கேபினட்டோடு இலவசமாக வருகிறவை இன்னும் பழைய பங்கீட்டிலேயே நிற்கின்றன.

ஆறு வருஷம் எப்படி ஓடியது என்பதும் இப்போது விளங்கியது. பழைய ஐ5 65 வாட்ஸ், 1050 டிஐ 75 வாட்ஸ், ஃபேனும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரு இருபது. 12 வோல்ட்டில் 160, சுமார் 13 ஆம்பியர். பதினெட்டுக்குள் சுகமாக இருந்தது. புதுப் பொருள்களில் தனித்தனியாகச் சோதித்தபோது எதுவும் பதினெட்டுக்கு முன்னே பின்னேதான் நின்றது, அதனால் இரண்டும் பாஸ். சேர்ந்தபோது பாய்ந்தது முப்பது ஆம்பியருக்கு. பழைய கார்டு ஓடியதும், கடையில் புதுக் கார்டு ஓடியதும், இணைச்சீரில் மட்டும் அணைந்ததும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தன. ஒரே காரணத்தின் மூன்று முகங்கள் அவை. நாய்ஸ் ரிடக்‌ஷன் கார்டை நிரப்புகிறது, வீடியோவை எழுதுவது பிராசஸரை நிரப்புகிறது.

சாயங்காலம் அடிக்கடி அணைந்ததாக அவர் சொன்னதற்கும் ஒரு ஊகம் இருக்கிறது. பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் ஓடும் நேரம் அது. நான் பார்த்தபோது பிளக்கில் 204 வோல்ட் காட்டியது. 230-க்கென்று நகர்த்திவைத்த சிவப்பு ஸ்விட்ச் பெட்டிக்கு அது கூடுதல் இறக்கம். சோமனூர், பல்லடம் என்று தறி ஓடும் ஊர்களில் வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சரியான கணக்கு

இந்தத் தடவை 12-ஐ மட்டும் தனியாக எடுத்துக் கூட்டினேன். பிராசஸருக்கு 180 என்பது சில்லுக்குள் போய்ச் சேர்வது. போர்டில் 12-ஐ ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கும்போது கொஞ்சம் சூடாகப் போகும். 200 என்று வைத்தேன். கார்டு 170. ஃபேன், இரண்டு ஹார்ட் டிஸ்க் 20. மொத்தம் 390 வாட்ஸ், முப்பத்திரண்டரை ஆம்பியர். ராம், எஸ்எஸ்டி, யுஎஸ்பியில் தொங்குகிறவை எல்லாம் மற்ற கம்பிகளில் ஒரு 40. ஆக 430.

அதற்கு மேல் எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் பேச்சு மாறும். கார்டின் 170 என்பது சராசரி. கண் சிமிட்டுவதற்குள் நூறு தடவை அதைத் தாண்டித் தாண்டித் திரும்பும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியில், எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்று சேர்த்ததே இந்தத் துள்ளலுக்காகத்தான். அப்புறம் சூடு. மலிவுப் பெட்டியில் எழுதும் வாட்ஸ் 25 டிகிரிக்கு உரியதாக இருக்கலாம். நல்லதில் 40, 50 டிகிரி என்று போட்டிருக்கும். சித்திரையில் ஈரோட்டுப் பக்கம் ஓட்டு வீட்டு மாடியில் உட்கார்ந்தால் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி சிஸ்டங்களைத் திறந்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் கூண்டில் பஞ்சு ஒரு தலையணைக்குப் போதுமான அளவு அடைந்திருக்கும். அங்கே நான் இன்னும் தாராளமாக இடம் விடுவேன்.

430-க்கு மேல் சுமார் நாற்பது சதவீதம் விட்டால் 600. கடையில் கிடைப்பது 550, 650, 750. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு அதன் கம்பெனியான என்விடியா சொல்வது 550 வாட்ஸ். தரமான 550 ஒன்று, 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் உள்ளது, இதற்குப் போதுமானதாகவே இருந்திருக்கும். அந்த மாடலில் பிராசஸருக்கு ஒரு கேபிள், கார்டுக்கு ஒரே தொடர். 650-இல் கார்டுக்குத் தனித்தனியாக இரண்டு கேபிள், விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. நாளைக்கு இன்னொரு அளவு பெரிய கார்டு வாங்கினாலும் தாங்கும். 650 என்று முடித்தோம்.

இதற்குள் அவருடைய மச்சான் மகன், பெங்களூரில் வேலை செய்கிற பையன், போனில் "ஆயிரம் வாட்ஸ் போட்ருங்க மாமா, கவலையே இல்லை" என்றான். வீட்டில் அம்மா, "ஆயிரம் போட்டா கரண்டு பில்லு என்னத்துக்காகும்?" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. எஸ்எம்பிஎஸ் கேட்கிறதைத்தான் கொடுக்கும். ஆயிரம் வாட்ஸ் பெட்டி ஆயிரம் வாட்ஸை இழுத்துக்கொண்டு நிற்காது. பில் ஏறாது, வாங்குகிற காசுதான் வீண்.

கோல்டு தர எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்றும் ஒரு பேச்சு வந்தது. 80 பிளஸ் என்ற முத்திரை 2004இல் தொடங்கியது. சுவரிலிருந்து எடுத்ததில் எத்தனை சதவீதம் உள்ளே போய்ச் சேர்கிறது என்பதற்கான முத்திரை அது. சாமான் எவ்வளவு உறுதி என்பதற்கு ஜாதகம் கிடையாது. 650 வாட்ஸ் பிரான்ஸ், அதாவது வெண்கலத் தரம், என்றால் 85 சதவீதம், ஆகவே 552 வாட்ஸ்தான் கிடைக்கும் என்று கணக்குச் சொல்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். அது தலைகீழ். 650-ஐ உள்ளே கொடுக்கும். அதற்காகச் சுவரில் கூடுதலாக எடுக்கும். இவர் தினம் பத்து மணி நேரம் சராசரி 300 வாட்ஸ் ஓட்டினாலும், பிரான்ஸுக்கும் கோல்டுக்கும் மாசத்துக்கு ஐந்தாறு யூனிட்தான் வித்தியாசம். கூடுதலாகக் கேட்ட இரண்டாயிரம் ரூபாயை அது எப்போது திருப்பித் தரும்? பிரான்ஸே வாங்கினோம். லேபிளில் 12 வோல்ட்டுக்கு 54 ஆம்பியர், அதாவது 648 வாட்ஸ். ஐந்து வருஷ வாரண்டி. சிவப்பு ஸ்விட்ச் இல்லை, 100 முதல் 240 வோல்ட் வரை தானே பார்த்துக்கொள்ளும். கடையில் பெட்டியைப் பிரிக்காமலே பக்கவாட்டில் இந்தக் கட்டத்தைப் படித்துவிடலாம். அதை அச்சடிக்காத பெட்டியை நான் தொடுவதில்லை.

மாட்டும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. பிராசஸர் 8 பின்னும் கார்டு 8 பின்னும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி. உள்ளே 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். பின்களின் வடிவம் தடுக்கும், அமுக்கிச் செருகுகிற கையை அது தடுக்காது. கழற்றி மாட்டும் வகைக் கேபிள் என்றால் இன்னொரு கம்பெனிப் பெட்டியின் கேபிளைப் போடவே கூடாது. மறுமுனை வரிசைக்குப் பொது விதி எதுவும் இல்லை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் நிற்கலாம்.

மாட்டிய பிறகும் அணைந்தது

இரண்டு பளுவையும் சேர்த்து அரை மணி நேரம் ஓட்டினேன். மஞ்சள் 12.02-இல் ஆணியடித்த மாதிரி நின்றது. சிவப்பு அசையவில்லை. பிறகு நிஜ வேலை. பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் வாட் மீட்டரை வைத்துவிட்டு இணைச்சீர் ரெண்டரைப் போட்டோம். மீட்டரில் 450 வாட்ஸ் வரை ஏறியது. பெட்டியின் சேதாரத்தைக் கழித்தால் உள்ளே போவது 400 சுமார். காகிதத்தில் போட்ட 430 கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். அணைந்து அணைந்து நின்ற அந்த இடம் ஒன்றுமே இல்லாத மாதிரி கடந்துபோனது. அவர் மோர் கொண்டுவரச் சொன்னார்.

மோர் பாதி குடிப்பதற்குள் நிஜமாகவே கரண்ட் போனது. யுபிஎஸ் நீளமாக ஒரு குரல் கொடுத்துவிட்டு செத்தது. சிஸ்டமும் கூடவே.

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசைக்கு அடியில் பார்த்தேன். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதிய கறுப்பு யுபிஎஸ் பெட்டி. இங்கேயும் பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று. விஏ 600, வாட்ஸ் 360. சிஸ்டம் 450, மானிட்டர் 30. மெயின் கரண்ட் இருக்கும்வரை அது வெறுமனே வழிவிடுகிறது. பேட்டரியில் தூக்க வேண்டிய நொடியில்தான் கையை விரிக்கிறது. லேபிளைப் படிக்க வேண்டும் என்று காலையிலிருந்து அவருக்குப் பாடம் எடுத்தவன் நான்.

என் கடையிலிருந்து 1100 விஏ, 660 வாட்ஸ் யுபிஎஸ் ஒன்றை எடுத்து வந்தேன். விற்கவில்லை, முதலில் சோதனைக்கு. காரணம் இருக்கிறது. இந்த விலை யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது கொடுப்பது வீட்டுக் கரண்ட் மாதிரி வழவழப்பான அலை இல்லை, படிக்கட்டு அலை. புது வகை எஸ்எம்பிஎஸ் சிலவற்றுக்கு அது ஒத்துக்கொள்ளாது. கரகரவென்று சத்தம் போடும், அல்லது மாறுகிற அந்த நொடியில் அணைந்துவிடும். கடைக்காரர் வார்த்தையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. அந்த எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த யுபிஎஸ்ஸும் பளுவோடு சேர்ந்து நின்றால்தான் தெரியும்.

ரெண்டரை ஓடவிட்டு, யுபிஎஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பீப் பீப் என்றது. உள்ளே லேசான உறுமல். திரையில் ரெண்டர் சதவீதம் 41, 42 என்று ஏறிக்கொண்டே இருந்தது. இந்தப் பேட்டரியில் இவ்வளவு பளுவுக்குச் சில நிமிஷம்தான் தாங்கும், ரெண்டரை முடிக்க நினைக்காதீர்கள், சேவ் செய்து மூடிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுச் செருகினேன்.

"இன்னொருக்கா புடுங்குங்க தம்பி" என்றார்.

பிடுங்கினேன். 44, 45.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் யுபிஎஸ்ஸுக்கும் அடக்க விலை மட்டும் வாங்கிக்கொண்டேன். கோயம்புத்தூர் போய்வந்த பஸ் காசை அவர் பிடிவாதமாகக் கொடுத்தார், நான் வாங்கவில்லை.